ஆவணி முகூர்த்தமும் ஒரு மாதுளைச் சிவப்பு அங்கியும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகாலுக்குச் சிரம்பானில் டாக்சி ஏறினேன். ஆளுக்கு மூன்று வெள்ளி. மலாக்கா ஐம்பது மைல் சொச்சம். ரெம்பாவ், அலோர் காஜா என்று ஊருக்கு ஊர் மெர்டேக்காவுக்காக வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். சுதந்திரத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான்.

"யார் வீட்டுக்கும்மா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"எனக்குக் கல்யாணம், அண்ணே. உடுப்பு பார்க்கப் போறேன்."

"சிரம்பானில் இல்லாத துணிக்கடையா?"

"இது கடையில் கிடைக்காது."

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எனக்கு நிச்சயமான செல்வம் சிரம்பான் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்க்கிறார்; மலாக்கா செட்டி. அவருடைய முன்னோர்கள் தமிழ்நாட்டிலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டவர்கள். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். எங்கள் கல்யாணம் புது மாதிரி. காலையில் சிரம்பான் கோயிலில் அரை மணி நேரத்தில் தாலி. மாலை நாலரைக்கு மண்டபத்தில் கேக், தேநீர், புகைப்படம். அந்தப் படத்தில் செட்டிப் பெண்களின் பழைய கல்யாண அங்கியில் நிற்பேன் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். "மலாய்க்காரி மாதிரியா நிற்கப் போறே?" என்று அப்பா குதித்தார். அவரிடம் காரணம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். செல்வத்தின் சொந்தக்காரர்களுக்கு இரண்டு வருஷமாக நான் 'அந்தத் தமிழ்ப் பெண்'தான். வேண்டாதவள் என்று யாரும் சொல்லவில்லை, நம்மவள் என்றும் யாரும் சொல்லவில்லை. அது எனக்கு வலித்தது.

ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு மலாக்கா. அங்கிருந்து செட்டிகள் குடியிருக்கும் காஜா பேராங்குக்கு டிரைஷா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் நாற்பது காசு. தூரம் ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூடுதல். வாசலில் செல்வத்தின் அக்கா லெட்சுமி நின்றார். அவருக்குத் தமிழ் 'வாங்க', 'சாப்பிடுங்க' என்பதைத் தாண்டி வராது. இங்கே நடந்த பேச்செல்லாம் மலாயில்தான்; நான் தமிழில் எழுதுகிறேன்.

பத்து மணிக்கு அக்கா அலமாரியைத் திறந்தார். மூன்று அங்கிகள். ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்கு மாறிப்போனவை போக அந்தத் தெருவில் மிஞ்சியவை இவைதானாம். நீளக் கை, முழங்காலுக்குக் கீழே இறங்கும் உடம்பு. பொத்தானே கிடையாது, மூன்று ஊசிப் பதக்கங்களைக் குத்தி மூடி, உள்ளே கைலி மாதிரி சரோங் கட்ட வேண்டும். பச்சை அங்கியின் தோளைப் பூச்சி அரித்திருந்தது. ஊதா, குள்ளமான யாருக்கோ தைத்தது. எனக்கு முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. மூன்றாவது மாதுளைச் சிவப்பு, ஓரமெல்லாம் ஜரிகை. போட்டுப் பார்த்தேன். அப்பப்பா! கண்ணாடியை விட்டு நகர மனசு வரவில்லை.

"இதுதான் அக்கா!"

அக்கா சங்கடத்தோடு பார்த்தார். "உன் கல்யாணத்தன்றைக்கு அது மீனாட்சிக்கு. நாலாவது வீட்டுப் பெண். ஆனி மாதமே சொல்லி வைத்துவிட்டாள். மற்ற இரண்டில் ஒன்று உனக்குப் பொருந்தும்னு நினைச்சேன்."

"அதே நாளா?"

"ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்துக்கு எல்லாரும் ஓடினால் வேறென்ன ஆகும்?"

பத்தரை மணிக்கு மீனாட்சியின் வீட்டுக்குப் போனோம். கல்யாணப் பெண் நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்கு விடிகாலை முகூர்த்தம், மத்தியானம் விருந்து, மாலையில் கிளேபாங்கில் மாப்பிள்ளை வீடு. விஷயத்தைச் சொன்னதும் அவள் அதிகம் யோசிக்கவில்லை.

"சாப்பாடு முடிஞ்சதும் கழற்றித் தர்றேன். பன்னிரண்டரைக்கு டாக்சி அனுப்புங்க. நாலரைக்குள்ளே உங்க கைக்கு வந்துடும்."

நான் அதோடு வாயை மூடியிருக்கலாம். "நீங்க உடுத்தினதையா? வியர்வையோடயா?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் ஒருத்தியின் கூறைச் சேலையை இன்னொருத்தி எடுத்து உடுத்த மாட்டாள்.

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. "வேண்டாமென்றால் சேலை கட்டிக்கோ. தமிழ்ப் பெண்ணுக்கு அதுதானே வழக்கம்."

சுருக்கென்றது. இதைக் கேட்கவா ஐம்பது மைல் வந்தேன்?

மீனாட்சிதான் சிரித்தாள். "டீச்சர், அதை இந்த அக்கா உடுத்தியிருக்காங்க, என் அண்ணி உடுத்தியிருக்காங்க. எல்லார் வியர்வையும் அதில் இருக்கு. உங்களுடையது மட்டும் பன்னீரா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடையில் பொறுக்குகிறவள் மாதிரி பிடித்ததை எடுத்து, என்னுடையது என்று கொண்டுபோக வந்திருக்கிறேன். இந்தத் தெருவில் அது யாருடையதும் இல்லை. அவரவர் முறை வரும்போது உடுத்துகிறார்கள்.

"தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிடுங்க," என்றேன். "ஆனா சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்க எதை உடுத்திப் போவீங்க?"

"சேலை இருக்கே. ஒரு சாயங்காலம் நான் தமிழ்ப் பெண்ணா இருந்துட்டுப் போறேன்."

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தி உடுத்தியவள்தான் அடுத்தவளுக்கு உடுத்திவிட வேண்டும் என்பது அந்தத் தெரு வழக்கம். அன்றைக்கு மீனாட்சி சிரம்பானுக்கு வர முடியாது. அதனால் அப்போதே எங்களோடு அக்கா வீட்டுக்கு வந்து, எனக்கு அங்கியை மாட்டி, மூன்று பதக்கங்களையும் குத்திக் காட்டினாள். பிறகு என்னையே குத்தச் சொன்னாள். இரண்டு முறை விரலில் குத்திக்கொண்டேன், மூன்றாம் முறை சரியாக வந்தது.

"துவைச்சுடாதீங்க. நிழலில் காற்றாட விடுங்க," என்றாள். "நம்ம கல்யாணத்துக்கு அடுத்த வாரம் தெருக் கடைசி வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். ஆள் மூலம் அனுப்பக் கூடாது. நீங்களே கொண்டுவந்து, விடியறதுக்குள்ளே அவளுக்கு உடுத்திவிடணும். தாமதமா வந்தீங்க, எல்லார்கிட்டேயும் திட்டு வாங்குவீங்க."

இரண்டரைக்கு வெறுங்கையோடு திரும்பும் டாக்சியில் ஏறினேன். சிரம்பான் வரும்வரை ஒரே கவலை. என் கல்யாணத்துக்கே மூன்று நாள் விடுப்பு கேட்டு வாங்கியாயிற்று. மறு வாரமே இன்னொரு நாள் என்றால் எங்கள் தலைமையாசிரியர் விடுவாரா? மனுஷர் சரியான முசுடு. காரணம் எழுதாமல் கடிதத்தைத் தொடக்கூட மாட்டார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்ந்து எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில், 'மலாக்காவில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்.'