யூரியா விழாத பச்சைத் திட்டுகள்

நோர்வூட் ஏற்றத்தில் பஸ் சூடேறி நிற்கிறது. சாரதி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும், மலை ஊற்று குழாயில் வந்து விழும் பீலியிலேயே என் போத்தலையும் நிரப்பிக்கொண்டு, மேலே தெரியும் புல்வெளிக்கு ஏறுகிறேன்.

கம்பி வேலிக்குள் ஒரு பெண் இடுப்பில் வைத்த பிளாஸ்டிக் பேசினிலிருந்து யூரியா உரத்தை அள்ளி வீசுகிறார். பெயர் செல்வராணி. கொழுந்து பறிக்கும் நேரம் போக மூன்று பசு வளர்க்கிறார். அவை மேயும் நிலம் இது. வீசிக்கொண்டே வந்தவர், அடர்பச்சையாகத் தழைத்த ஒரு திட்டை மட்டும் விட்டுவிட்டு அப்பால் போகிறார்.

"அந்த எடத்த ஏன் விட்டுட்டீங்க அக்கா?"

"போன தடவ மேயவிட்டப்ப மாடு மூத்திரம் பேஞ்ச எடங்க அது. அதுலயே உரம் கெடக்கு. நானும் போட்டா புல்லு எவ்வளவுதான் எடுக்கும்? மிச்சம் மழையோட கீழ எறங்கிரும்."

"கீழ என்ன இருக்கு?"

"இப்ப ஒங்க பஸ் நிக்குதே, அந்தப் பீலி இருக்குங்க. எங்க லயத்து வீடு அத்தனையும் அதுலதான் குடிக்குது."

சரிவு முழுக்க அப்படித் திட்டுகள். ஈரக் கோலத்தை மிதிக்காமல் நடப்பவரைப் போல ஒவ்வொன்றையும் சுற்றிப் போகிறார். எனக்கு இந்தப் பொறுமை வராது. மொத்தமாகக் கொட்டிவிட்டு இறங்கியிருப்பேன். மேய்ச்சல் நிலம் முடிகிறது, பேசினில் பாதி யூரியா மிச்சமிருக்கிறது.

சாரதி ஹார்ன் அடிக்கிறார். இறங்கும் பாதி வழியில் நின்று, போத்தலைத் திறந்து வயிறு நிறையக் குடிக்கிறேன்.