டிராம் டிக்கெட்டில் நான் அடைத்த ஓட்டைகள்

மக்களே, நீங்கள் இரண்டு பேரும் மலையாளத்தில் படித்தவர்கள். இதை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். முடியாவிட்டால் அம்மாவிடம் கொடுங்கள். ஆனால் அவள் வாசித்தால் என் பக்கத்து நியாயத்தையெல்லாம் விட்டுவிட்டுத்தான் வாசிப்பாள்.

மட்டாஞ்சேரிக் கடையில் நான் பழைய சாமான் கட்டுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். மேசையோ அலமாரியோ, வைக்கோலும் அட்டையும் சுற்றி, வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போகும் லாரியில் ஏற்றிவிட வேண்டும். கட்டுவதற்கு முன்னால் இழுப்பறைகளைக் காலி செய்வதும் நான்தான். கடையில் ஒரு வழக்கம்: இழுப்பறையில் உலோகம் கிடைத்தால் முதலாளிக்கு, காகிதம் கிடைத்தால் எனக்கு.

கல்கத்தாவிலிருந்து வந்த ஓர் எழுத்து மேசையில், இழுப்பறைக்கு அடியில் விரித்த காகிதத்தைத் தூக்கியபோது முதல் டிக்கெட் கிடைத்தது. விரல் நீளம்தான் இருக்கும். ஓரத்தில் பொடிப் பொடியாக ஊர்ப் பெயர்கள். முதலாளியிடம் காட்டினேன்.

"எடோ, இது டிராமிலெ டிரான்ஸ்ஃபர் டிக்கெட்டாணு. ஒரு டிராம்ல நின்னு எறங்கி வேற டிராம்ல கேறாம். பின்ன காசு கொடுக்கண்டா."

நான் டிராமைக் கண்ணால் பார்த்ததில்லை. கொச்சியில் எனக்குப் பழக்கம் படகும் பஸ்ஸும்தான். ஆனாலும், பாதி வழியில் இறங்கினவனை மறுபடி காசு கேட்காமல் ஏற்றிக்கொள்ளும் காகிதம் என்பது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதன் பிறகு கல்கத்தா, பம்பாய் சாமான் எது வந்தாலும் முதலில் என் கை இழுப்பறைக்குள்தான் போகும். இப்படிப் பதினொன்று சேர்ந்தன. அதில் ரோஸ் நிற டிக்கெட் ஒன்றை மட்டும் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

எல்லாவற்றிலும் ஓட்டை இருந்தது. எங்கள் தொழிலில் ஓட்டையோடு ஒரு சாமானைக் காட்டவே மாட்டோம். மரத்தைப் பூச்சி துளைத்திருந்தால் மெழுகும் தேக்குத் தூளும் வைத்து அடைத்துவிட்டுத்தான் வெளியே வைப்போம். பூச்சித் துளையும் வட்டமாகத்தானே இருக்கும்? அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மெல்லிய காகிதத்தைச் சாயாத் தண்ணீரில் நிறம் ஏற்றி, கஞ்சிப் பசை தடவி, ஓட்டை ஒவ்வொன்றையும் பின்பக்கமாக அடைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

போன மழைக்காலத்தில் சென்னையிலிருந்து ஒருவர் நாற்காலி வாங்க வந்தார். டிராம் விஷயம் தெரிந்தவர். டிக்கெட்டுகளைச் செருகி வைத்திருந்த என் ஆல்பத்தைக் கொடுத்தேன். நாலைந்து பக்கம் புரட்டியவர் நிறுத்திவிட்டார்.

"பாய், ஓட்டையெல்லாம் எங்க போச்சு?"

"அடைச்சுட்டேன் சார். பூச்சி தின்ன எடம்னு தெரியவே இல்ல, பாத்தீங்களா?"

"பூச்சியா? அது கண்டக்டர் போட்ட ஓட்டை பாய்! எந்த ஊர்ப் பேர்ல ஓட்டை இருக்கோ, அங்கதான் ஆளு மாறி ஏறினான்னு அர்த்தம். நீங்க அவன் போன வழியையே அடைச்சு வச்சிருக்கீங்களே!"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. உங்களுக்குக் கொடுக்க என்று நானாகச் சேர்த்தது இந்த ஒன்றுதான். அதைக் கெடுத்ததும் நானேதானா?

வீட்டுக்கு வந்து ஒரு டிக்கெட்டை ஈர விரலால் தேய்த்தேன். குறுக்கே கிழிந்து இரண்டாகிவிட்டது.

"ஓட்டையை அடைங்கன்னு டிக்கெட்டு உங்ககிட்ட வந்து அழுதுச்சா?" என்றாள் உங்கள் அம்மா. "கைய எடுங்க. அலமாரி தூக்குற கை அது."

மறுநாள் காலை புட்டு வேகும்போது, குழலின் மேலே வந்த ஆவியில் அவள் ஒரு டிக்கெட்டை இடுக்கியால் பிடித்துக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஒட்டுக் காகிதத்தின் ஓரம் சுருண்டது. தையல் ஊசியால் மெல்ல நெம்பினாள். ஒட்டு தனியாக வந்துவிட்டது.

"கஞ்சிப் பசைதானே, ஆவி பட்டா விடாம எங்க போகும்?"

ஒன்று, இரண்டு என்று ஒன்பது டிக்கெட் திறந்தன. புட்டு குழைந்துபோனது. கடையிலிருந்து போன் வந்தபோது வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். கடைசியாக ரோஸ் டிக்கெட்டை எடுத்தாள். அதைப் பார்க்க மாட்டாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இந்தாங்க, கிழியல. திரும்புங்க."

அதில் ஒட்டு இரண்டு. முதல் ஓட்டை சுத்த வட்டம், ஓர் ஊர்ப் பெயரின் மேல். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். காளிகாட். யாரோ ஒருவர் அங்கே இறங்கி வேறு வண்டி ஏறியிருக்கிறார்.

இரண்டாவது ஓட்டை வட்டமாக இல்லை. அரித்த ஓரம், பெயரே இல்லாத வெற்று இடம். நிஜமாகவே பூச்சி தின்றது.

உங்கள் அம்மா சிரித்த சிரிப்பில் ஊசி கீழே விழுந்துவிட்டது. "அப்ப இத்தனையில ஒண்ணு சரியாத்தான் அடைச்சிருக்கீங்க! இத மட்டும் திரும்ப ஒட்டிரவா?"

"வேண்டாம்" என்றேன். "அந்தப் பூச்சியும் எங்கயோ ஏறி எங்கயோ எறங்கியிருக்கும்."

பத்து டிக்கெட் உங்கள் இருவருக்கும். ஆளுக்கு ஐந்து. ரோஸ் யாருக்கு என்று சண்டை போடாமல் முடிவு செய்யுங்கள். கிழிந்தது என்னிடம் இருக்கட்டும்.