பக்கத்து சீட்டில் ஓர் ஆள் எடை

என் வீட்டுக்காரர் என் காரை விட்டுப் போனாரா, என்னையே விட்டுப் போனாரா என்று அந்தக் கோடை முழுக்க எனக்கு விளங்கவே இல்லை. அவரைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டு, பதில் இரண்டாவதாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

நாங்கள் சித்தூரில் இருக்கிறோம். எனக்குத் திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. அவருக்குத் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. பையன் சென்னைக்குப் படிக்கப் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். காலையில் சேர்ந்து கிளம்புவோம், பொழுது சாய்ந்தபின் சேர்ந்து திரும்புவோம். ஓட்டுவது நான். அவருக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் உத்தேசமும் கிடையாது.

கார் என்றால் ஊரில் எல்லாரும் வைத்திருக்கிற மாதிரிக் கார் இல்லை. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்த்து முடித்துத் தன் நாட்டுக்குத் திரும்பிய ஓர் அதிகாரி விட்டுச் சென்ற, இரண்டே கதவுள்ள, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். பின் சீட் என்று ஒன்று உண்டு, அதில் டிபன் பையை உட்கார வைக்கலாம். குடும்பம் நடத்துகிறவளுக்கு இது எதற்கு என்று தெருவே கேட்டது. எனக்குப் பிடித்திருந்தது, வாங்கினேன். அதற்கு மேல் காரணம் சொல்ல எனக்கு வராது.

அதில்தான் அந்தச் சத்தம் வந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்னாலிருந்து ‘டொக்’. வளைவில் முன்பக்கம் திரும்பிய பிறகு, பின்பக்கம் யோசித்துவிட்டு வருவதுபோல ஓர் ஆட்டம். முதலில் ஸ்டெப்னி என்று நினைத்தேன். அப்புறம் ஜாக்கி, அப்புறம் குடை. டிக்கியைக் காலி செய்தும் டொக் போகவில்லை. ஒரு மெக்கானிக் சைலன்சர் என்றார், இன்னொருவர் ஷாக் அப்சார்பர் என்றார், மூன்றாமவர் விற்றுவிடுங்கள் என்றார். எனக்கு மண்டை காய்ந்தது. ஓட்டும்போது பாட்டுகூட வைப்பதில்லை. அவர் லாட்ஜ் கதை எதையாவது ஆரம்பிப்பார். “இருங்க, இருங்க, கேக்குதா?” என்பேன். “ஏதோ கேக்குது,” என்பார். ஒருநாள் இறங்கும்போது, “இந்த வண்டில இடுப்பே உட்டுப்போச்சு,” என்று முதுகைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டைகளை மடித்துப் பையில் வைத்தார். “நாளைலேர்ந்து லாட்ஜ்லயே தங்கிக்கிறேன். வாரத்துக்கு ஒரு தபா வந்துக்கினு இருப்பேன்,” என்றார். எனக்கு முன்னமே தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் “சரி” என்றேன். ஏன் சரி என்றேன் என்று இன்றுவரை தெரியாது. கோபம் தொண்டை வரை வந்தது. ஆனால் வெளியே வந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

ஞாயிறு தோறும் வருவார். சாப்பிடுவார், தூங்குவார், துணிகளைத் துவைத்துக் காயப் போடுவார், பஸ் ஏறிப் போய்விடுவார். சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. தனியாக ஓட்டினேன். பின்னால் டொக், பக்கத்தில் காலி சீட். இடுப்பு வலி நிஜமா, சாக்கா? கார்தான் காரணமென்றால் சரிசெய்துவிடலாம். சரிசெய்த பிறகும் அவர் வரவில்லையென்றால் காரணம் நான்தான். அப்போதாவது உறுதியாகத் தெரியும் இல்லையா? இப்படி ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டுதான் திருச்சானூர் போகும் ரோட்டில், தரையில் குழி வெட்டிய ஒரு ஷெட்டுக்குள் காரை விட்டேன்.

அந்த மெக்கானிக் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பவர். குழிக்குள் இறங்கி, கடப்பாரையை எங்கோ கொடுத்து நெம்பினார். சக்கரம் கொஞ்சம் நகர்ந்தது. “புஷ் போயிந்தி மேடம்,” என்று மேலே பார்த்துச் சிரித்தார். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை வண்டியின் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில், இரும்பு வளையத்துக்குள் ரப்பர் வைத்திருப்பார்கள். அதுதான் புஷ். அந்த ரப்பர் செத்துப்போனால் இரும்பில் இரும்பு இடிக்கும். சென்னையிலிருந்து பார்சலில் புது புஷ் வந்தது. பழையதை அழுத்தி வெளியே தள்ளி என் கையில் கொடுத்தார். காய்ந்துபோன வடையைப் போல ரப்பர் பொலபொலவென்று உதிர்ந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன். டொக் இல்லை. ஆனால் காரின் பின்பக்கம் கோழி வாலைத் தூக்கியதுபோல நின்றது. சின்னக் கல்லில் ஏறினாலும் என்னைத் தூக்கிப் போட்டது. போதாததற்குப் புதிதாக ஒரு ‘க்ரீச்’. புது ரப்பர் போட்டும் பழையதைவிட மோசம் என்றால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இதில் அவரை உட்கார வைத்தால் இடுப்பு நிஜமாகவே போய்விடும். அவர் வராததற்குக் கார் காரணமா நான் காரணமா என்று பார்க்கத்தானே இதைத் தொடங்கினேன்? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மறுபடி ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து தலையைச் சொறிந்தார். புதுசு, போகப் போகப் படிந்துவிடும் என்றார். படியவில்லை. அடுத்த முறை போனபோது அவரே போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார். இதே மாதிரிக் கார், யாரோ ஒரு வெள்ளைக்காரர், எங்கள் இருவருக்கும் தெரியாத ஏதோ ஒரு பாஷை. அந்த ஆள் புஷ்ஷை மாட்டினார். காரைக் கீழே இறக்கினார். பிறகு இரண்டு சீட்டிலும் மணல் மூட்டைகளைத் தூக்கி வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் ஸ்பானரை எடுத்தார்.

“மூட்ட வெக்க அவருக்கு வேற எடமே கெடைக்கலியா?” என்றேன்.

“அதான் மேடம் எனக்கும் அர்த்தம் காலேது,” என்றார்.

திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தோம். திடீரென்று மெக்கானிக் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முறுக்கியிருக்கிறார். ரப்பர் தொங்கிய நிலையில் பிடித்துக்கொண்டுவிட்டது. வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் அது முறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. சக்கரம் தரையில் நிற்க, தினமும் சுமக்கிற பாரம் உள்ளே இருக்க, அப்போதுதான் முறுக்க வேண்டும்.

“பக்க சீட்ல டெய்லி உக்கார்றது எவரு?” என்று கேட்டார்.

“என் வீட்டுக்காரர்.” யோசிக்காமல் வந்துவிட்டது.

“சார் எத்தன கிலோ இருப்பாரு? பக்கத்துக் கடைல அரிசி மூட்ட கீது. அதே வெயிட்டுக்கு ரெண்டு மூட்ட வெச்சுக்கலாம்.”

எனக்குத் தெரியவில்லை. முன்பு கேட்டிருந்தால் பட்டென்று சொல்லியிருப்பேன். போன ஞாயிறு பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். லாட்ஜ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையா, வேறு ஏதாவதா, நான் கேட்கவே இல்லை. வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். “மூட்ட வேணாம். அவரே வருவாரு,” என்றேன்.

போன் செய்தேன். “கொஞ்சம் வரணும். கார்ல உக்காரணும்.”

“எங்க போறோம்?”

“எங்கயும் போல. சும்மா உக்காரணும்.”

“வரேன்,” என்றார்.

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குனிந்து, முனகி, தன் சீட்டில் உட்கார்ந்தார். நான் ஸ்டீரிங் பக்கம் உட்கார்ந்தேன். மெக்கானிக் எங்களுக்குக் கீழே குழிக்குள் இருந்தார். “ரெண்டு பேரும் அசையாதீங்க,” என்று குரல் வந்தது.

“இடுப்பு எப்டி கீது?” என்றேன்.

“எந்த இடுப்பு?”

“இந்த வண்டியாலதான் போச்சுன்னீங்களே.”

“அது எப்பவோ தமாஷுக்குச் சொன்னது.”

“அப்போ இன்னாத்துக்குப் போனீங்க?”

கேட்டுவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பினார். “சார், அசையாதீங்க!” என்று கீழேயிருந்து அதட்டல் வந்தது. அவர் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ஷிஃப்ட் மாத்திட்டாங்கன்னு சொன்னேனே. பொழுது விடியறதுக்கு மின்ன டூட்டி. புத்தலப்பட்டு தாண்டும்போது சொன்னேன். மறுநாளும் சொன்னேன். உன்ன அந்நேரத்துக்கு எழுப்ப மனசு வர்ல, லாட்ஜ்ல ரூம் குடுக்கறாங்க, இன்னா பண்லாம்னு கேட்டேன்.”

“நான் இன்னா சொன்னேன்?”

“சத்தம் கேக்குதான்னு கேட்ட. கேக்குதுன்னேன். அதோட உட்டுட்ட. சரி, ஒனக்குச் சம்மதம்னு நெனச்சுக்கினேன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அத வீட்ல சொல்றதுக்கு வாயில இன்னா கொழுக்கட்டையா?”

“வீட்டுக்கு வந்தா நீ ஒரு பக்கம் தூங்கற, நான் ஒரு பக்கம் தூங்கறேன். நம்ம பேசற எடம் இதானே?” கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். “வந்துடுன்னு ஒருநாளாச்சும் கூப்புடுவன்னு பாத்துக்கினே இருந்தேன். இன்னிக்குத்தான் கூப்ட்ட. அதுவும் வெயிட்டுக்கு.”

அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அசையக் கூடாது என்பதால் இரண்டையும் அடக்கினேன். “அரிசி மூட்டையே போதும்னாரு,” என்றேன். “நான்தான் வேணாம்னுட்டேன்.”

கீழே கடைசி போல்ட் இறுகும் ஓசை கேட்டது. “அந்தா அயிப்போயிந்தி, முடிஞ்சுது, எறங்கலாம்,” என்று மெக்கானிக் குழியிலிருந்து ஏறி வந்தார். இருவரும் இறங்கவில்லை.

அப்படியே ஷெட்டை விட்டு ஓட்டிக்கொண்டு வெளியே வந்தேன். டொக் இல்லை, க்ரீச் இல்லை, வளைவில் முன்பக்கம் போன வழியே பின்பக்கமும் வந்தது. அவர் லாட்ஜ் மேனேஜரிடம் பழைய ஷிஃப்ட்டைத் திரும்பக் கேட்டிருப்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, காதைச் சாய்த்தார்.

“இரு. பின்னால ஏதோ டிக் டிக்னு கேக்குதுல்ல?”

எனக்கும் கேட்டது.

“கேக்கட்டும்,” என்றேன். “மேனேஜர் இன்னா சொன்னாரு?”