நாற்பது நோட்டிலும் ஒரே கட்டுரை

ராமாமணி மிஸ் ஆங்கில வகுப்பில் பாடமே நடத்துவதில்லையாம். பிள்ளைகளைக் கண்டதையும் எழுதவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாராம். அதனால் வேலையைவிட்டு அனுப்பப்போகிறார்களாம். கோவையிலிருந்து வந்த யாரோ சொன்னதாக, ஷார்ஜாவில் என் அறையில் தங்கியிருக்கும் கரீம் சொன்னான். வருடம் 1997.

"சும்மா உட்காருவாங்களா அவிங்க?" என்று கத்திவிட்டேன்.

"என்ற மேல ஏனுங்க பாயறீங்க? காதுல விழுந்ததைச் சொன்னேன்."

ஆறாம் வகுப்பில் தமிழ்வழியிலிருந்து அவரிடம் போய் விழுந்தவன் நான். நாற்பது நிமிடப் பீரியடு. முதல் இருபதில் இரக்கமே கிடையாது. பலகையில் ஒரு வாக்கியம்; நேற்று என்றால் ஒரு மாதிரி, நாளை என்றால் வேறு மாதிரி; ஒருத்தன் தடுமாறினால் பெஞ்சு முழுவதும் மறுபடி சொல்ல வேண்டும். பிறகு பலகையை அழித்துவிடுவார். நேற்று உனக்கு நடந்ததைப் பத்து வரி எழுது, பக்கத்து நோட்டைப் பார்க்காதே.

"மொதல் இருபது நிமிசம் என்னுது கண்ணு, அடுத்த இருபது உன்னுது. ரெண்டையும் திருடப்படாது" என்பார். முதல் பாதி மட்டும் இருந்திருந்தால் ஒப்பித்துவிட்டுப் போயிருப்பேன். இரண்டாவது மட்டும் என்றால் வெள்ளைத்தாளைப் பார்த்து அழுதிருப்பேன்.

வெள்ளிக்கிழமை, கோவை உக்கடத்தில் இருக்கும் கரீமின் அக்கா மெஹராஜுக்குப் போன் செய்தேன். அவர் மகள் இல்மா இப்போது மிஸ்ஸிடம் ஏழாவது படிக்கிறாள்.

"பக்கத்து ஊட்டு ஹர்ஷிணியோட அப்பா அழகிரிசாமி ரெண்டு நோட்டையும் ஒட்ட வெச்சுப் பார்த்தாருங்க. எங்க இல்மா கரண்டு போனதை எழுதியிருக்கா. ஹர்ஷிணி வால்பாறை பஸ்ஸுல வாந்தி எடுத்ததை எழுதியிருக்கா. ரெண்டுக்கும் மிஸ் சரி போட்டிருக்காங்க. 'ஒரே கிளாசு, ரெண்டுல ஒண்ணு தப்பாத்தானுங்க இருக்கோணும்'னு கரஸ்பாண்டென்ட்டுகிட்டயே போயிட்டாருங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பள்ளியில் பெற்றோர் தினத்தன்று மற்ற வகுப்புகளின் கட்டுரை நோட்டுகளை வரிசையாக விரித்து வைப்பார்கள். நாற்பது நோட்டிலும் பசு ஒரே இடத்தில் பால் கொடுக்கும், ஒரே இடத்தில் காற்புள்ளி விழும். அதுதான் தரமாம்! கரஸ்பாண்டென்ட் சுந்தரராஜுலு நூல்மில் முதலாளி. மிஸ்ஸைக் கூப்பிட்டு, "ஏம்மா, என்ற மில்லுல நூல் சுத்தற கோனு ஒண்ணொண்ணும் வேற மாதிரி வந்தா லாரியே திரும்பி வந்துருமே" என்றிருக்கிறார். பிள்ளைகள் என்ன, இவர் மில்லில் சுற்றிய நூலா? மெஹராஜ் மேலே சொன்னார்:

"மிஸ்ஸுகிட்ட மன்னிப்புக் கடுதாசி டைப் அடிச்சுக் குடுத்திருக்காங்க. 'பலகையில் உள்ளதைத் தவிர வேறெதுவும் எழுத வைக்க மாட்டேன்'னு. பேருக்கும் தேதிக்கும் மட்டும் எடம் உட்டிருக்குது. சனிக்கெழமை பத்து மணிக்குள்ள நெரப்பிக் கையெழுத்துப் போடோணும். இல்லீன்னா வர வேண்டாம்னுட்டாங்க."

இருபத்திரண்டு வருடம் பாடம் சொன்னவருக்குக் கோடிட்ட இடத்தை நிரப்பும் தண்டனை.

"மிஸ் என்ன சொன்னாங்க?"

"அவிங்க ஊட்டுக்குப் போயிருந்தேனுங்க. அந்தக் காயிதத்துல ரெண்டு தப்பைச் செவப்புப் பேனாவுல திருத்தி வெச்சிருந்தாங்க. சிரிக்கறதா அழுவறதான்னு தெரியலீங்க. அவிங்க ஊட்டுக்காரர் வேலை பார்த்த மில்லு மூடி ரெண்டு வருசமாச்சுங்களே."

இன்று சனி. இங்கே மணி எட்டு, அங்கே ஒன்பதரை. கையெழுத்துப் போடாதீங்க மிஸ் என்று கடல் தாண்டி நின்று சொல்வது எனக்குச் சுலபம். அடுத்த மாதம் அவர் வீட்டில் உலை வைப்பது யார்? ஆனாலும் போட்டுவிட்டால் இல்மாவுக்கு அந்த இருபது நிமிடம் கிடையாது. சொல்ல வேண்டியதைப் பத்து வரியாக எழுதி வைத்துக்கொண்டு, மிஸ் வீட்டு நம்பரைச் சுழற்றினேன்.

அங்கே போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.