சகாயமேரி காலியாக விட்ட பலூன்

சகாயமேரிக்குப் பேச்சு வராது, படம் வரும். பாப்பிரெட்டிப்பட்டியில் பிளஸ் டூ படித்த எங்கள் மூவரில் உருப்படியாக வரையத் தெரிந்தவள் அவள்தான். முனியம்மாள் வரைந்தால் மனிதனுக்கும் தென்னை மரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கு வசனம் வரும், கூடவே கோபமும் வரும். எண்பத்து நான்கில் நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு படக்கதை நோட்டு ஆரம்பித்தோம்.

ஆளுக்கு இரண்டு நாள், ஒரு பக்கம். பேனாவில்தான் வரைய வேண்டும். முன்னால் ஒருத்தி வரைந்ததை அடிக்கக் கூடாது. காலியாக விட்டதை அடுத்தவள் நிரப்ப வேண்டும். கதையைப் பற்றி வாயால் பேசவே கூடாது. கடைசிச் சட்டம் என்னுடையது. பேசினால் ருசி போய்விடும் என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்.

எங்கள் கதாநாயகி கண்டக்டர் பொன்னி. பஸ்ஸே போகாத வத்தல்மலைக்குப் பஸ்ஸில் போய்த் திருடர்களைப் பிடிப்பாள். பெண் கண்டக்டரை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சகாயமேரி அவளுக்குக் காக்கிச் சட்டை வரைந்தால் பை, விசில் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். பரீட்சை முடிந்ததும் டிராயிங் டீச்சருக்குப் படிக்கப் போவதாக அவள் சொல்லியிருந்தாள். அவள் ஆசைப்பட்டுச் சொன்னது அது ஒன்றைத்தான்.

எண்பத்தைந்து ஜனவரி கடைசியில் ஒரு திங்கட்கிழமை அவள் நோட்டை என்னிடம் கொடுத்தாள். முந்தின பக்கத்தில் திருடன் மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருந்தான். இவள் பக்கத்திலோ பொன்னி கோயிலில், அதாவது சர்ச்சில், முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஹால் டிக்கெட் கிடந்தது. சாமியார் ஒரு காகிதத்தைப் பார்த்து, "இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் உண்டா?" என்று கேட்டார். கூட்டத்தின் தலைக்கு மேல் பெரிய வசன பலூன். உள்ளே ஒன்றுமே எழுதவில்லை.

எனக்கு எரிச்சலாக வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கதையில் கல்யாணத்தைக் கொண்டு வந்து விட்டாளே என்று, பலூனுக்குள் கொட்டை எழுத்தில் எழுதினேன்: "ஒரு தடையும் இல்லை சாமி. சீக்கிரம் முடிங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு." என் பக்கத்தில் பொன்னிக்குத் தாலி கட்டி வைத்தேன். முனியம்மாள் அவள் பங்குக்குப் பந்தி போட்டாள்.

வெள்ளிக்கிழமை நோட்டு சகாயமேரியிடம் திரும்பிப் போனது. பார்த்தாள், மூடினாள், பையில் வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டு வாரம் நோட்டும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அப்புறம் ஒருநாள் அவள் வரவில்லை. அவள் அம்மா ராயம்மாள் பள்ளிக்கூடத்துக்குக் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார்.

"தவக்காலம் வந்துட்டா கோயில்ல கல்யாணம் வெக்க மாட்டாங்க கண்ணு. ஒசூர்ல பையனுக்கு வேலை, அவங்க வூட்டுல அவசரப்படறாங்க. மூணு ஓலையும் படிச்சாச்சு."

"ஓலைன்னா என்னங்க?"

"மூணு ஞாயித்துக்கெழம பூசையில பொண்ணு மாப்பிள்ள பேரப் படிப்பாங்க. யாராச்சும் தடை சொல்றதுன்னா சொல்லலாம். ஒருத்தரும் சொல்லல."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அவள் என்னிடம் நோட்டைக் கொடுத்தது முதல் ஓலைக்கு மறுநாள். அன்றைக்கு இன்னும் இரண்டு ஓலை பாக்கி இருந்தது.

ஜானகியம்மாள் டீச்சரிடம் ஓடினேன். முந்தின வருஷம் ஒரு பெண்ணின் வீட்டுக்கே போய்ப் பேசி, கல்யாணத்தைப் பரீட்சைக்கு அப்புறம் தள்ளி வைக்க வைத்தவர் அவர். அது எங்கள் மூவருக்குமே தெரியும். பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா போயிருப்பனே காவேரி. இப்ப ஊரெல்லாம் குடுத்துட்டாங்க" என்றார்.

மார்ச்சில் பரீட்சை ஹாலில் அவள் நம்பர் எழுதிய பெஞ்சு காலியாக இருந்தது. நான் பாஸ் செய்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

எண்பத்தொன்பதில் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. இளைத்திருந்தாள். இப்போது வரைகிறாயா என்று கேட்டேன். பாப்பா சிலேட்டில் எப்போதாவது பூ போடுவதாகச் சொன்னாள். நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்ததை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"எங்கிட்ட வாயால ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி."

"வெளிய மூச்சு வுட்டா அன்னிக்கே படிப்ப நிறுத்திருவேன்னு அப்பா சொல்லியிருந்தாரு. அதான் நோட்டுல கேட்டேன்." குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை. "தடை இல்லன்னு நீதான எழுதிக் குடுத்த."

ஒசூர் பஸ் வந்தது. அவள் ஏறும்வரை குழந்தையை நான் வைத்திருந்து, அப்புறம் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.