மாட்டுவண்டி ஜெயித்த செவ்வாய்க்கிழமைகள்

கண்டி மஹய்யாவையில் ரவிகுமாரைத் தெரியாத நாய் கிடையாது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீற்றர் பார்த்து எழுதுகிற வேலை அவருக்கு. மனிதர்கள்தான் அவரை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. கேற்றைத் திறப்பார், குனிவார், இலக்கத்தைக் குறித்துக்கொண்டு "சரிங்க, வாரேன்" என்று கிளம்பிவிடுவார். ஐம்பத்து மூன்று வயது மனிதர் ஒரு நாள் முழுக்கப் பேசிய பேச்சு அவ்வளவுதான் இருக்கும்.

மனைவி சுகிர்தா மகளின் பிரசவத்துக்கென்று வத்தளைக்குப் போனாள். மூன்று மாதம் என்றுதான் பேச்சு. அந்தக் குழந்தை இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறது. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. அங்கே ஆள் வேண்டியிருந்தது, இங்கே வேண்டியிருக்கவில்லை. பின்னேரமானால் போன் வரும். "சாப்ட்டீங்களா?" "சாப்ட்டேன்." "சரி, புள்ள அழுவுது, வைக்கிறேன்." குழந்தை அழாத நாளிலும் பேச்சு அதற்கு மேல் நீளாது.

ஆனால் ரெஸ்லிங் என்று வந்துவிட்டால் ரவிகுமாரைப் பிடித்து நிறுத்த முடியாது. அமெரிக்காவில் திங்கட்கிழமை இரவு நடப்பது இங்கே செவ்வாய் விடியலில் வரும். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, பிளேன்டீயோடு கதிரையில் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே திட்டத் தொடங்கிவிடுவார். இப்போது வருவதெல்லாம் ரெஸ்லிங்கா? மூன்று மணி நேரத்தில் அடிதடி நாற்பது நிமிடம், மிச்சமெல்லாம் வாய். ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் பேசுவான். இன்னொருவன் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து அதற்குப் பதில் சொல்வான். கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுப்பதுபோல ஆளுக்கொரு பெல்ட். வருடக்கணக்கில் உடம்பை உடைத்துக்கொண்டவன் தோற்பான். படத்தில் நடிக்கப் போய்விட்டு ஒரு நாள் எட்டிப் பார்த்தவன் ஜெயிப்பான். நியாயம் என்று ஒன்று வேண்டாமா என்று வெறும் வீட்டில் கேட்பார்.

ஆங்கிலப் பெயர்கள் நாக்கில் நிற்காததால் எல்லாருக்கும் தானே பெயர் வைத்திருந்தார். தலைமுடியைத் தடவிக்கொண்டே வருகிற இளம் சாம்பியன் 'பவுடர்'. தடித்த கழுத்தும் மெதுநடையுமாக, எவ்வளவு அடித்தாலும் எழும்பி வருகிற மூத்தவன் 'மாட்டுவண்டி'. அவனைத்தான் ரவிகுமாருக்குப் பிடிக்கும்.

ஸெய்னுலாப்தீன் நானாவுக்கும் அவனைத்தான் பிடிக்கும். அண்ணன் முறையில் ரவிகுமார் நானா என்று கூப்பிடுகிற அவர், முன்பு கண்டி டவுனில் குடைக்கடை வைத்திருந்தார். கடைக்குள் ஒரு டீவி இருந்தது. குடை வாங்கப் போன ரவிகுமார் ரெஸ்லிங் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றுவிட்டார். சிநேகிதம் அப்படித்தான் தொடங்கியது. பிறகு கடை கம்பளைக்கு மாறியது. மகன் அகீலும் நானாவும் சேர்ந்து நடத்தினார்கள். அங்கே போய்க் கொஞ்சக் காலத்தில் நானாவின் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்தது. இரத்தத்தில் சீனி இறங்காமல் ஒப்பரேஷன் செய்ய முடியாது என்று டொக்டர்மார் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். ஆங்கில வர்ணனை நானாவுக்கு விளங்காது. அதனால் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, எந்த வீட்டு மதிலோரம் நிற்கிறாரோ அங்கிருந்தே, ரவிகுமார் போனெடுத்து முழுவதையும் சொல்வார். வாரத்தில் அவர் வாய் திறந்து பேசுவது அந்த அரை மணி நேரம்தான்.

அப்படியிருக்க ஒரு செவ்வாய் மாட்டுவண்டி இரண்டே நிமிடத்தில் பவுடரிடம் தோற்றான். அதுவும் கேவலமாக, வேட்டி அவிழ்ந்தவனைப் பார்ப்பதுபோலச் சனம் சிரிக்கிற மாதிரி. ரவிகுமார் போனைக் கவிழ்த்து வைத்தார். பத்து மணிக்கு நானா எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"செல்லுங்க தம்பி, நம்மட ஆள் என்ன செஞ்சான்?"

வாய் திறந்தது, உண்மை வரவில்லை. "அத ஏன் நானா கேக்குறீங்க! பவுடர தலைக்கு மேல தூக்கிப் போட்டான் பாருங்க, எழும்பவே இல்ல!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று நானா கதிரையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

ஒரு பொய்க்கு ஒன்பது பொய் துணை வேண்டும். மூன்றாவது வாரம் நிஜமான மாட்டுவண்டியை மேடையிலேயே காணோம். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். ரவிகுமாரின் மாட்டுவண்டியோ பெல்ட்டை வென்று ஒன்றரை வருடம் வைத்திருந்தான். மீற்றர் பார்த்து நடக்கிற நடையில் அடுத்த வாரத்துச் சண்டையை ரவிகுமார் மனதில் கட்டிக்கொண்டே போவார். சதி வேண்டும், துரோகம் வேண்டும், கடைசியில் நியாயம் வேண்டும். தனக்கு இவ்வளவு வருமா என்று அவருக்கே ஆச்சரியம். வீட்டுக்குத் திரும்பும்போதுகூட வெறும் வீடு என்று தோன்றாத நாட்கள் அவை.

ஒரு செவ்வாய் நானாதான் முந்திக்கொண்டார். "தம்பி, சீனி எறங்கிட்டு! வார வெள்ளிக்கிழம பேராதனை ஆஸ்பத்திரியில ஒப்பரேஷன். இனி நானே பாப்பேன்!"

"ரொம்ப சந்தோசம் நானா" என்றார் ரவிகுமார். நானா பார்த்தால் எல்லாம் வெளிச்சமாகிவிடும். அந்த ஒரே பேச்சில் மாட்டுவண்டியின் காலை முறித்து, பெல்ட்டைப் பறித்து, ஊருக்கு அனுப்பிவைத்தார். இவ்வளவு நாள் எழும்பி வந்தவன் ஐந்து நிமிடத்தில் முடிந்துபோனான்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு மூன்று செவ்வாய் போனெடுத்தும் நானா தூக்கவில்லை. போன் கண்ணுக்குக் கூடாதாக்கும் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு அந்தச் சமாதானம் எடுபடவில்லை. ஒரு சனிக்கிழமை கம்பளை பஸ்ஸில் ஏறிவிட்டார். என்ன சொல்வது என்று பாதி வழி, கெலிஓயா வரைக்கும் யோசித்தார். அதற்குப் பிறகு யோசிக்கவும் பயமாக இருந்தது.

நானா கடையின் உள்மூலையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் வியாபாரத்தில் நின்ற அகீல், "வாங்க அங்கிள், வாப்பாவப் பாக்கவா? நாளு, பேரு மறந்து பேசினா ஒண்டும் நெனைக்காதீங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். மருமகள் ரிப்கா தேத்தண்ணீர் கொண்டுவந்து நானாவின் கையில் கோப்பையைப் பிடித்து வைத்து, "மெதுவா குடிங்க மாமா" என்றாள், குழந்தைக்குச் சொல்வதுபோல.

அவள் போனதும் நானா பேசினார்.

"பழைய ஷோ எல்லாம் போன்ல ஈக்கிது தம்பி. பாத்தேன். நம்மட ஆள் எப்பவோ போயிட்டான்."

ரவிகுமார் தலையைக் குனிந்துகொண்டார். "நானா, நான்..."

"நான் செல்லுறத முதல்ல கேளுங்க. நீங்க சொன்னத நான் பேரப்புள்ளைகள்ட்ட செல்லுவேன். அவங்க போன்ல பாத்துட்டு, இல்ல, அவன் தோத்துட்டான்டு செல்லுவாங்க. சண்ட புடிப்பேன். மொதல்ல சிரிச்சாங்க. பொறகு சிரிக்கல்ல. அகீல் டொக்டர்ட்ட கூட்டிப் போனான். மறதி வருத்தமாம். குளிச தந்தாங்க. கடச் சாவிய மெதுவா வாங்கிட்டாங்க. தொழப் பள்ளிக்குத் தனியப் போகவும் விடுறதில்ல."

கடைக்கு வெளியே பஸ்காரன் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தான். நானா கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரவிகுமாரை நேராகப் பார்த்தார். தெளிந்த கண்.

"நானும் நம்பிட்டேன் தம்பி. ரவி பொய் செல்லமாட்டான், அவன் சரியாத்தான் சொல்லியிருப்பான், என்ட மூளதான் மாத்திப் புடிக்குதுண்டு. ஒன்றர வருஷம் ராவெல்லாம் படுக்கையில கெடந்து அதத்தான் யோசிச்சேன். புத்தி கெட்டுச் சாகப்போறேன்டு."

ரவிகுமார் ஒரு மனிதனைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டிருந்த காலம் முழுவதும் அந்த மனிதன் இருட்டில் கிடந்து தன்னைத்தானே சந்தேகித்துக்கொண்டிருந்தான். செருப்பால் அடித்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

"இத நீங்களே அவங்கள்ட்ட சொல்லியிருக்கலாமே நானா?"

"மறதிக்காரன் செல்லுற எதை நம்புவாங்க?"

நியாயமான கேள்வி. ரவிகுமார் எழும்பி முன்னால் போனார். கடையில் இரண்டு பேர் குடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தால் தைரியமும் கூடவே போய்விடும் என்று தெரிந்தது.

"தம்பி அகீல், ஒங்க வாப்பாவுக்கு மறதி கெடையாது. நான்தான் வாரா வாரம் பொய் சொன்னேன். அவரு நான் சொன்னத ஒரு சொல்லு மாறாம ஞாபகம் வச்சிருந்தாரு. அவ்வளவுதான் நடந்தது."

அகீல் கையிலிருந்த குடையைக் கீழே வைத்தான். ரிப்கா உள்ளிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"ஏன் அங்கிள்?" என்றான் அகீல். கத்தியிருந்தால் தேவலை, கத்தவில்லை.

"கேக்குறதுக்கு ஒரு ஆள் இருந்தாரு தம்பி. எனக்கு வேற யாருமில்ல" என்றார் ரவிகுமார். சொன்ன பிறகு அது காரணமாகத் தெரியவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது. குடை பார்த்தவர்கள் அவரையே பார்த்தார்கள். கடையை விட்டு இறங்கித் திரும்பிப் பார்த்தபோது நானா எழும்பி நிற்பது தெரிந்தது.

அடுத்த செவ்வாய், பல வருடத்துக்குப் பிறகு, ஒரு நல்ல சண்டை வந்தது. பேச்சில்லை, பாட்டில்லை, இருபத்தைந்து நிமிடம் சுத்தமான அடி. யார் யாரோ இரண்டு புதுப் பையன்கள். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. கடைசியில் தகுதியானவன் ஜெயித்தான். ரவிகுமார் பிளேன்டீயை மறந்து எழும்பி நின்று கைதட்டினார். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் நானாவிடம் சொல்லலாம். பத்து மணிக்கு ஒரு மதிலோரம் நின்று போனெடுத்தார். இந்த முறை நானா தூக்கினார்.

"நானா, இன்னிக்கு..."

"பாத்தேன் தம்பி" என்றார் நானா.

குரலில் கோபமில்லை. வேறு எதுவும் இல்லை. அந்தப் பக்கம் ஒரு பெண் சிங்களத்தில் குடை கேட்டாள். கறுப்பா, பூப்போட்டதா, மடிக்கிறதா என்று நானா கணீரென்று விசாரித்தார். பிறகு கடைச் சாவிக்கொத்து குலுங்குகிற சத்தமும் அலுமாரி திறக்கிற சத்தமும் கேட்டன. ரவிகுமார் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அந்த வியாபாரம் முடியும்வரை கேட்டுக்கொண்டே நின்றார்.