சகலை வீட்டு மீன்தொட்டி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உலகத்தில் ஒரே ஒருவர் மேல்தான் பொறாமை. மனைவியின் தங்கையைக் கட்டிய சகலை மேல். கண்ணாடிக் கடை வைத்திருந்த அந்த மனிதருக்குச் சட்டையும் கசங்காது, குரலும் உயராது. அதைக்கூட மெக்கானிக் பொறுத்துக்கொண்டார். ஞாயிறு விடிந்தால் தன் பத்து வயது மகள் சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பி நிற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த வீட்டுக் கூடத்தில் இரண்டடி மீன்தொட்டி இருந்தது. உள்ளே நீலக்கோடும் சிவப்புமாகப் பன்னிரண்டு நியான் மீன்கள். ஒன்று திரும்பினால் அத்தனையும் திரும்பும். மகள் அதன் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக்கூட எழ மாட்டாள். தங்கை வீட்டுக்குள் நுழைந்தாலே மனசு குளிர்ந்துபோகிறது என்பார் மனைவி. மெக்கானிக்குக்கு வயிறு எரியும்.

ஒரு மாலை கையில் கிரீஸ் கறையோடு மீன்கடைக்குப் போய் மூன்றடித் தொட்டி வாங்கினார். என்ன மீன் வேண்டும் என்று கடைக்காரம்மா கேட்டதற்கு, சகலை வீட்டில் இல்லாத மீனாகப் பார்த்துக் கொடுங்கள் என்று தங்கமீனையும், வரிபோட்ட டைகர் பார்ப்பையும் காட்டினார்.

"கலரைப் பார்த்துச் சேர்க்கக் கூடாதுங்க. தங்கமீனுக்குக் குளிர்ந்த தண்ணி வேணும். இந்த வரிமீன் நீள வாலைக் கண்டா கடிக்காம விடாது."

தலையை ஆட்டிவிட்டு இரண்டையும் வாங்கிவந்தார். எண்ணெய் விட்டால் எதுவும் இணங்கிவிடும் என்று பழகிய கை அது.

நாலாம் நாள் தங்கமீன்களின் வால் கந்தலாகிவிட்டது. மகள் அழுதபடி சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். அவரும் உடனே வந்து தொட்டியைப் பார்த்துவிட்டு, நானும் ஆரம்பத்தில் இப்படித்தான் பண்ணினேன் அண்ணே என்றார். ஆறுதலாகச் சொன்னதுதான். மெக்கானிக்குக்கு வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போலிருந்தது.

மறுநாள் தங்கமீன்களைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எது மேலே நீந்தும், எது அடியில் மேயும், எந்த மீனுக்குக் கூட்டம் வேண்டும். ஒரு மீனின் வாய்க்குள் அடங்குகிற மீனை அதோடு விடவே கூடாது என்றும், நியான் இருக்கிற தொட்டியில் வளர்ந்த ஏஞ்சல் மீனை விட்டால் விழுங்கிவிடும் என்றும் அந்த அம்மா சொன்னார். வரிமீன்களையே இன்னும் ஆறு வாங்கிவந்தார். அவை தங்களுக்குள் துரத்திக்கொண்டு பிழைத்தன. மகள் இரண்டு நாள் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கிளம்பிவிட்டாள்.

அடுத்த வாரம் சகலை தேடிக்கொண்டு வந்தார்.

"ஏஞ்சல் மீன் மேல ஒரு ஆசைண்ணே. நல்லா வளர்ந்ததா ஒண்ணு கடையில இருக்கு. நம்ம நியானோட விடலாமா?"

சகலை தன்னிடம் ஒரு யோசனை கேட்பது அதுவே முதல்முறை. வேண்டாம் என்ற சொல் மெக்கானிக்கின் நாக்கு நுனிவரை வந்தது.

"தாராளமா விடுங்க தம்பி" என்றார்.

ஞாயிறு மதியமே மகள் திரும்பிவிட்டாள். நியான் ஐந்துதான் மிச்சம் என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் ஏழு நியான் வாங்கிக்கொண்டு சகலை வீட்டுக்குப் போனார்.

"எனக்குத் தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் விடச் சொன்னேன்."

சகலை பையை வாங்கி, தொட்டித் தண்ணீரின் சூட்டுக்குப் பழகட்டும் என்று அப்படியே மிதக்கவிட்டார். ஏஞ்சலை அவர் முன்தினமே கடையில் திருப்பிக் கொடுத்திருந்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"கடைக்காரம்மாவும் வேணாம்னுதான் சொன்னாங்க. அண்ணன் சொல்றாரேன்னு விட்டேன்."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது மெக்கானிக்குக்கு. இதிலும் அவரே ஒரு படி மேலே போய்விட்டார்.

நடந்ததைச் சகலை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, சித்தப்பா புது மீன் வாங்கியிருக்கிறார் என்று மகள் சிரித்தபடி வந்து சொன்னபோதுதான் அது தெரிந்தது. இதற்கும் சேர்த்து அவருக்கு நன்றிக்கடன் பட வேண்டியதாகிவிட்டதே என்று அன்று முழுவதும் மெக்கானிக்குக்கு மனசு ஆறவே இல்லை.